காலையில் எங்கே வலிக்கிறது? மெத்தையை மாற்றும் முன் செய்து பார்க்க வேண்டியவை

மெத்தைக் கடைக்குக் கிளம்பும் முன் ஆறு இரவுகள் பொறுத்துக்கொள்ளுங்கள். முதல் மூன்று இரவு, மெத்தையைக் கட்டிலிலிருந்து இறக்கித் தரையில் போட்டுப் படுங்கள். அடுத்த மூன்று இரவு மெத்தையே வேண்டாம். பாயின் மேல் ஒரு ஜமுக்காளத்தையும் இரண்டு கெட்டிப் போர்வைகளையும் மடித்து விரித்துப் படுங்கள். ஒவ்வொரு நாளும் எழுந்த கையோடு, எங்கே வலித்தது, எவ்வளவு நேரத்தில் விட்டது என்று காலண்டர் ஓரத்தில் ஒரு வரி எழுதிவையுங்கள்.

தரையில் போட்ட மெத்தையில் வலி விட்டுவிட்டது என்றால் கோளாறு கட்டிலில் இருக்கிறது. தரையிலும் வலி தொடர்ந்து, பாயில் குறைந்தால் மெத்தையைச் சந்தேகப்படலாம். இரண்டிலும் கழுத்து மட்டும் பிடித்துக்கொண்டால் தலையணையைப் பாருங்கள். எங்கே படுத்தாலும் அதே வலி என்றால், மெத்தைக்கு வைத்திருக்கும் பணத்தில் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். தரையில் உட்கார்ந்து எழ முடியாத பெரியவர்களும், கர்ப்பிணிகளும், மூட்டு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களும் தரைச் சோதனையைச் செய்ய வேண்டாம். அவர்கள் கட்டிலுக்கும் மெத்தைக்கும் நடுவே கெட்டியான பிளைவுட் பலகை ஒன்றை மூன்று இரவு வைத்துப் பார்த்தால், கட்டிலின் குறை தெரிந்துவிடும்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் என் சொந்த அனுபவம். எனக்கு இடுப்பு வலி வந்தபோது கேட்டவர்கள் எல்லாரும் கட்டாந்தரை போலக் கெட்டியான மெத்தை வாங்கு என்றார்கள். இருப்பதிலேயே கெட்டியான தென்னைநார் மெத்தையைத் தேடி வாங்கினேன். இடுப்பு வலி அப்படியே இருந்தது. தோள் வலியும் சேர்ந்துகொண்டது. எட்டு மாதம் கழித்து அலமாரிக் கதவைச் சரிசெய்ய வந்த தச்சர், கைதவறி உருண்ட திருகாணியை எடுக்கக் கட்டிலுக்கு அடியில் குனிந்தார். “நடுச்சட்டம் விரிசல் விட்டுக் கிடக்கிறதே, இதிலா படுக்கிறீர்கள்?” என்று கேட்டார். ஒரு மரத்துண்டையும் நான்கு திருகாணிகளையும் வைத்து அரைமணி நேரத்தில் சரிசெய்தார். ஒரு வாரத்தில் இடுப்பு வலி விட்டது. தோள் வலி மட்டும் அந்தக் கெட்டி மெத்தையை மாற்றும்வரை என்னோடு இருந்தது.

இடுப்பு வலியோடு எழுகிறீர்கள், நடமாடியதும் குறைகிறது

முதலில் கட்டில். மெத்தையை முழுவதுமாக எடுத்துவிட்டு, ஒருவர் கட்டிலின் நடுவில் உட்கார, இன்னொருவர் டார்ச் விளக்கோடு அடியில் பார்க்க வேண்டும். பலகை வளைகிறதா, நடுச்சட்டம் இறங்குகிறதா, நடுக்கால் தரையைத் தொடுகிறதா என்று கவனியுங்கள். ஐந்தடி அகலத்துக்கு மேற்பட்ட கட்டிலுக்கு நடுவில் தாங்கும் கால் கட்டாயம் வேண்டும். பல கட்டில்களில் அந்தக் கால் தரைக்கு ஒரு விரல்கடை மேலே தொங்கிக்கொண்டிருக்கும். அங்கே ஒரு மரத்துண்டைச் செருகினாலே பாதிப் பிரச்சினை தீரும். பலகைக்குப் பதில் ரீப்பர் கட்டைகள் அடித்த கட்டில் என்றால், இரண்டு கட்டைகளுக்கு இடையே மூன்று அங்குலத்துக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது. இருந்தால் ஃபோம் மெத்தை அந்தச் சந்துகளில் பிதுங்கி இறங்கும். நாடாக் கட்டிலும் கயிற்றுக் கட்டிலும் தளர்ந்தால் தொட்டில் போலக் குழிந்துவிடும். இழுத்துக் கட்டாமல் அதன் மேல் எந்த மெத்தையைப் போட்டாலும் பயனில்லை.

கட்டில் நேராக இருக்கிறது என்றால் அடுத்தது மெத்தை. விரிப்பை எடுத்துவிட்டு, மெத்தையின் குறுக்கே இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம்வரை ஒரு நூலை இழுத்துப் பிடியுங்கள். இடுப்பு படும் இடத்தில் நூலுக்கும் மெத்தைக்கும் நடுவே அளவுகோலை நிறுத்துங்கள். ஓர் அங்குலத்துக்குக் குறைவாக இருந்தால் தலைமாட்டையும் கால்மாட்டையும் மாற்றிப் போட்டுப் பாருங்கள். ஒன்றரை அங்குலத்துக்கு மேல் பள்ளம் விழுந்துவிட்டால் அந்த மெத்தை முடிந்துவிட்டது. அடியில் பலகை வைப்பதோ மேலே போர்வை அடுக்குவதோ சில வாரங்களுக்குத்தான் கைகொடுக்கும். ஃபோமும் தென்னைநாரும் அமுங்கிய பிறகு மீண்டும் எழும் என்று எதிர்பார்ப்பது இலவு காத்த கிளியின் கதை.

இலவம்பஞ்சு மெத்தைக்கு மட்டும் அந்த மறுபிறவி உண்டு. தையலைப் பிரித்து, பஞ்சை வெயிலில் காயவைத்துக் கொட்டி, குறைந்துபோன அளவுக்குப் புதுப் பஞ்சைச் சேர்த்துத் தைத்தால் இன்னும் சில ஆண்டுகள் ஓடும். போடிநாயக்கனூர் பக்கத்திலிருந்து வரும் நல்ல இலவம்பஞ்சு வீட்டில் இருந்தால், அதைத் தூக்கிப்போட்டுவிட்டு ஃபோம் வாங்குவது எனக்கு மனம் ஒப்பாத காரியம்.

பள்ளமும் இல்லை, ஆனால் வலி இருக்கிறது என்றால், மல்லாந்து படுத்து, உள்ளங்கையை இடுப்பின் வளைவுக்கு அடியில் நுழைத்துப் பாருங்கள். கை தடையில்லாமல் போய்வந்தால் மெத்தை உங்களுக்கு அதிகக் கெட்டி. இடுப்பு அந்தரத்தில் தொங்குகிறது. கையை நுழைக்கவே முடியாமல் அழுந்தினால் அதிக மென்மை, இடுப்பு புதைகிறது. சற்று முயன்றால் நுழைகிறது என்றால் சரியான தாங்கல்.

முதுகு வலிக்குக் கல் போன்ற படுக்கைதான் மருந்து என்ற நம்பிக்கையைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். ஸ்பெயினில் நாள்பட்ட இடுப்பு வலி உள்ள 313 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குக் கெட்டி மெத்தையும் மற்றதற்கு நடுத்தரக் கெட்டி மெத்தையும் கொடுத்து 90 நாள் பார்த்தார்கள். முடிவு 2003-ஆம் ஆண்டு லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்தது. நடுத்தர மெத்தையில் படுத்தவர்களுக்கே படுக்கையில் இருக்கும்போதும் எழும்போதும் வலி கூடுதலாகக் குறைந்திருந்தது. அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு உங்கள் மருத்துவர் கெட்டிப் படுக்கை என்று சொல்லியிருந்தால் அவர் சொன்னதைத்தான் கேட்க வேண்டும். அக்கம்பக்கத்தில் சொன்னார்கள் என்பதற்காக வெறும் பலகையில் படுத்து உடம்பை வருத்திக்கொள்ளாதீர்கள்.

தோளும் இடுப்பெலும்பும் நோகின்றன, கை மரத்துப்போகிறது

ஒருக்களித்துப் படுப்பவர்களுக்கு வரும் தொல்லை இது. உடம்பின் பாரம் முழுவதும் தோளிலும் இடுப்பெலும்பிலும் இறங்குகிறது. அந்த இரண்டு இடங்களும் கொஞ்சம் உள்ளே அமிழ மெத்தை இடம்கொடுக்க வேண்டும். கெட்டி மெத்தை ஏற்கெனவே வாங்கியாகிவிட்டது என்றால் அதைத் தள்ள வேண்டியதில்லை. மேலே இரண்டு அங்குல மென்ஃபோமையோ, ரப்பர் பாலில் செய்த லேட்டக்ஸ் அடுக்கையோ, மெல்லிய இலவம்பஞ்சு மெத்தையையோ போட்டால் போதும். முழங்கால்களுக்கு நடுவே ஒரு சிறு தலையணையை வைத்தால் இடுப்பு முறுக்கிக்கொள்ளாது. ஒல்லியான உடம்புக்காரர்களுக்கு இந்தத் தொல்லை அதிகம். 50 கிலோ எடை உள்ளவருக்குக் கல்லாகத் தெரியும் மெத்தை, 90 கிலோ உள்ளவருக்கு இதமாக இருக்கும். அதனால் மற்றவரின் பரிந்துரையைக் கேட்கும்போது அவருடைய உடல்வாகையும் சேர்த்துக் கேளுங்கள்.

விழித்திருக்கும் நேரத்திலும் கை மரத்துப்போனால் அது படுக்கைச் சமாச்சாரம் அல்ல. மருத்துவரிடம் காட்டுங்கள்.

கழுத்துப் பிடிப்பு

தலையணைதான். மல்லாந்து படுப்பவருக்குத் தாழ்ந்த தலையணை போதும். முகவாய் மார்பை நோக்கிக் குனியக் கூடாது. ஒருக்களித்துப் படுப்பவருக்கு, தோளின் வெளிவிளிம்பிலிருந்து காதுவரை உள்ள உயரத்தை நிரப்பும் தலையணை வேண்டும். குப்புறப் படுப்பவர் தலையணையை எடுத்துவிடுவதே நல்லது. திணித்துத் திணித்துத் தைத்த பஞ்சுத் தலையணை உயரமாக இருந்தால், ஓர் ஓரத் தையலைப் பிரித்து இரண்டு மூன்று பிடி பஞ்சை எடுத்துவிட்டுப் படுத்துப் பாருங்கள். மெத்தையை மாற்றியவுடன் பழைய தலையணை பொருந்தாமல் போவதும் உண்டு. புது மெத்தை மென்மையாக இருந்தால் தோள் அமிழும், தலையணை உயரமாகத் தெரியும்.

முதுகு வேர்த்து நனைந்து நடு இரவில் விழிப்பு

சென்னையிலும் கடற்கரை ஊர்களிலும் மே மாதத்தில் இந்தப் புகார் இல்லாத வீடு குறைவு. முதலில் மெத்தைக்கும் விரிப்புக்கும் நடுவே என்ன இருக்கிறது என்று பாருங்கள். தண்ணீர் இறங்காத உறை போட்டிருந்தால் அதன் ஒரு பக்கத்தில் நெகிழித் தாள் ஒட்டியிருக்கும். அது வேர்வையையும் சூட்டையும் உள்ளே இறங்க விடாது. அதை எடுத்துவிட்டு, பருத்தி விரிப்பை மட்டும் போட்டு இரண்டு இரவு படுத்துப் பாருங்கள். விரிப்பு பாலியஸ்டர் கலந்ததா என்றும் பாருங்கள். பளபளப்பும் சுருங்காத தன்மையும் காட்டிக்கொடுத்துவிடும்.

அதன் பிறகும் வேர்த்தால் மெமரி ஃபோமாக இருக்கலாம். நாசாவுக்காக விமான இருக்கைகளில் அதிர்வைத் தாங்க 1966-இல் சார்ல்ஸ் யோஸ்ட் என்ற பொறியாளர் உருவாக்கிய பொருள் அது. உடம்புச் சூட்டில் இளகி, உடம்பை அச்செடுத்தாற்போல் சூழ்ந்துகொள்வது அதன் குணம். சூழ்ந்துகொள்வதால் காற்று புகாது. கொடைக்கானலில் மார்கழியில் கெட்டியாக இருக்கும் அதே மெத்தை, மதுரையில் சித்திரையில் களிமண்ணைப் போல இளகும். மேல்மாடியில் வெயில் வாங்கும் கூரைக்கு அடியில் படுப்பவர்கள் தடித்த மெமரி ஃபோமை வாங்காமல் இருப்பது நல்லது. வாங்கியாகிவிட்டது என்றால், அதன் மேல் ஒரு கோரைப்பாயை விரித்து, பாயின் மேல் பருத்தித் துணி போட்டுப் படுங்கள். பத்தமடைப் பாய் நெய்யும் ஊர்க்காரர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கோரையின் இழைகளுக்கு நடுவே காற்று ஓடும், முதுகு ஒட்டாது.

ஒரு முக்கியமான எச்சரிக்கை: காற்றுக்காகக் கட்டிலை ஜன்னலோரம் நகர்த்தி, கொசுவுக்காகக் கொசுவத்தியைக் கட்டிலருகே வைக்காதீர்கள். இலவம்பஞ்சு மிக வேகமாகத் தீப்பற்றும். கொசுவலை கட்டுங்கள்.

ஒருவர் புரண்டால் மற்றவர் விழித்துக்கொள்கிறார்

பழைய ரக ஸ்பிரிங் மெத்தையில் சுருள்கள் எல்லாம் ஒன்றோடொன்று கம்பியால் பின்னப்பட்டிருக்கும். ஒன்று அசைந்தால் எல்லாம் அசையும். பாக்கெட் ஸ்பிரிங் வகையில் ஒவ்வொரு சுருளும் தனிப் பையில் இருப்பதால் அசைவு பரவாது. ஃபோமிலும் லேட்டக்ஸிலும் குறைவு. கணவன் மனைவி இருவருக்கும் எடையிலோ விருப்பத்திலோ பெரிய வித்தியாசம் இருந்தால், ஒரே கட்டிலில் இரண்டு ஒற்றை மெத்தைகளை அருகருகே போடுங்கள். ஆறடிக்கு ஆறடிக் கட்டிலில் மூன்றடி மெத்தைகள் இரண்டு கச்சிதமாக அடங்கும். அவரவருக்குப் பிடித்த கெட்டித்தன்மை கிடைக்கும். ஒன்று கெட்டுப்போனால் அதை மட்டும் மாற்றலாம். குழந்தை நடுவில் படுக்கும் வீடுகளுக்கு இந்த ஏற்பாடு ஆகாது, நடுச்சந்து ஆபத்து. கைக்குழந்தைக்கு எந்த நாளிலும் புதையும் மெத்தையும் தலையணையும் வேண்டாம். கெட்டியான, சமதளமான தனிப் படுக்கையில் மல்லாத்திப் படுக்கவைக்க வேண்டும்; முகம் புதைந்து மூச்சு முட்டும் ஆபத்து உண்மையானது.

கிரீச் என்ற சத்தம்

மெத்தையைத் தரையில் போட்டுப் புரண்டு பாருங்கள். சத்தம் இல்லையென்றால் கட்டிலின் பொருத்துகளில் தேட வேண்டும். போல்ட்டுகளை முறுக்குங்கள், மரமும் மரமும் உரசும் இடத்தில் மெழுகுவர்த்தியைத் தேயுங்கள், இரும்புக் கட்டில் என்றால் மூட்டுகளில் ரப்பர் வாஷர் போடுங்கள். பெரும்பாலும் தலைமாட்டுப் பலகையும் பக்கச் சட்டமும் சேரும் மூலையில்தான் இருக்கும்.

படுத்ததும் தும்மல், காலையில் மூக்கடைப்பு, மெத்தையில் ஈர வாடை

மெத்தையைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்கள். கறுப்பும் பச்சையுமாகப் புள்ளிகள் இருந்தால் பூஞ்சை. மெத்தையைத் தரையிலேயே மாதக்கணக்கில் போட்டுவைக்கும் வீடுகளிலும், அடியில் சாமான் வைக்கும் பெட்டிக் கட்டில்களிலும் இது வரும். உடம்பிலிருந்து இறங்கும் வேர்வை ஈரம் வெளியேற வழியில்லாமல் அடியில் தங்கிவிடுகிறது. பெட்டிக் கட்டிலின் மேல்பலகையில் அரை அங்குலத் துளைகளைச் சாணுக்கு ஒன்றாகப் போட்டுத்தரச் சொல்லுங்கள். காலையில் எழுந்தவுடன் விரிப்பை மூடி அழகாகப் போர்த்தாமல், ஒரு மணி நேரம் மெத்தையை ஆறவிடுங்கள். பூஞ்சை உள்ளே ஊறிப்போன மெத்தையைக் காப்பாற்ற முயல வேண்டாம். ஆஸ்துமா உள்ளவர் வீட்டில் இருந்தால் அன்றே வெளியேற்றுங்கள்.

பூஞ்சை இல்லை, தும்மல் மட்டும் என்றால் தூசிப் பூச்சிகளைச் சந்தேகப்படலாம். கண்ணுக்குத் தெரியாத இவை நம் தோலிலிருந்து உதிரும் செதில்களைத் தின்று வாழ்பவை. விரிப்பையும் தலையணை உறையையும் வாரம் ஒருமுறை 60 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் துவைத்தால் மடியும்.

மெத்தையை வெயிலில் போடும் பழக்கம் நல்லது, ஆனால் இலவம்பஞ்சுக்கும் பருத்திக்கும் மட்டும். லேட்டக்ஸையும், ரப்பர் பால் தெளித்து அழுத்திய தென்னைநார் மெத்தையையும், ஃபோமையும் உச்சி வெயிலில் காயவைத்தால் ரப்பரும் ஃபோமும் பொடிந்து ஆயுள் குறையும். அவற்றை நிழலில், காற்றோட்டத்தில் நிமிர்த்தி வையுங்கள்.

உடம்பில் வரிசையாகத் தடிப்பு, அரிப்பு

மெத்தையின் தையல் ஓரங்களிலும் கட்டில் மூட்டுகளிலும் மிளகுத்தூள் தூவியதுபோல் கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் மூட்டைப்பூச்சி. புது மெத்தை வாங்குவது இதற்கு விடையாகாது. கட்டிலிலும் சுவர் விரிசலிலும் ஒளிந்திருப்பவை இரண்டே வாரத்தில் புது மெத்தைக்குக் குடிவரும். இரத்தம் குடிக்காமலே பல மாதம் உயிரோடு இருக்கும் பூச்சி அது. துணிகளை வெந்நீரில் போடுங்கள், இரும்புக் கட்டிலின் மூட்டுகளில் கொதிநீரை ஊற்றுங்கள், மரக்கட்டில் இடுக்குகளில் நீராவி பாய்ச்சுங்கள். முட்டைகள் பொரியும் என்பதால் பத்துப் பதினைந்து நாள் இடைவெளியில் திரும்பவும் செய்ய வேண்டும். மண்ணெண்ணெய் ஊற்றும் பழைய வழக்கத்தைக் கைவிடுங்கள். பூச்சிமருந்தைப் படுக்கும் மெத்தையின் மேல் அடிக்காதீர்கள். முற்றிப்போனால் பூச்சி ஒழிப்பவர்களை அழைப்பதே சரி.

அம்மா கட்டிலிலிருந்து எழத் தடுமாறுகிறார்

இதைப் பலர் முதுமையின் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். அளவு நாடாவை எடுத்து அளந்து பாருங்கள். ஐந்தடி உயரமுள்ள ஒரு பெண்மணியின் முழங்கால் மடிப்பு தரையிலிருந்து ஏறக்குறைய 15, 16 அங்குல உயரத்தில் இருக்கும். கட்டில் பலகை 18 அங்குலம், அதன் மேல் 8 அங்குல மெத்தை என்றால் மொத்தம் 26 அங்குலம். விளிம்பில் உட்கார்ந்தால் பாதம் தரையைத் தொடாது. இருட்டில் சிறுநீர் கழிக்க எழும்போது ஒவ்வொரு முறையும் அவர் கிட்டத்தட்டக் குதித்து இறங்குகிறார். இடுப்பு முறிவில் முடியும் விழுதல்கள் இப்படியும் நேர்கின்றன.

விளிம்பில் உட்காரும்போது இரண்டு பாதங்களும் தரையில் முழுவதும் பதிய வேண்டும். தொடை தரைக்கு இணையாக, அல்லது முழங்காலை நோக்கிச் சற்றே சரிந்திருக்க வேண்டும். பெரும்பாலான பெரியவர்களுக்கு மெத்தையோடு சேர்த்து 18 முதல் 20 அங்குலம் சரியாக வரும். உயரம் அதிகம் என்றால் மெல்லிய மெத்தை போடலாம், அல்லது தச்சரிடம் சொல்லிக் கால்களை அறுத்துவிடலாம். தேக்குக் கட்டிலை அறுக்க மனம் வராது என்பது தெரியும்; என் அம்மாவின் கட்டிலை அறுத்தபோது எனக்கும் வரவில்லை. அன்று இரவே அவர் யாரையும் கூப்பிடாமல் எழுந்து போய்வந்தார். கட்டில் மிகத் தாழ்வாக இருந்தால் கால்களுக்கு அடியில் கட்டை கொடுத்து உயர்த்தலாம், ஆட்டம் இல்லாமல் பொருத்த வேண்டும். மெத்தையின் விளிம்பு கெட்டியாக இருக்கிறதா என்று பாருங்கள். உட்கார்ந்ததும் சரியும் விளிம்பு ஆபத்து.

படுத்த படுக்கையாக இருப்பவருக்கு மெத்தைத் தேர்வு வேறு விஷயம். காற்று மாறி மாறி நிரம்பும் மெத்தையை மருந்துக் கடைகளில் வாங்கலாம், வாடகைக்கும் கிடைக்கும். அது இருந்தாலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைப்பதை விட்டுவிடக் கூடாது.

மெத்தையின் மேல் பழி போடக் கூடாத வலிகள்

காலை விறைப்பு அரைமணி நேரத்துக்கு மேல் நீடித்து நடமாடினால் மட்டும் விடுவது, வலியே தூக்கத்திலிருந்து எழுப்புவது, காலில் உணர்விழப்பு, காய்ச்சலோ காரணமில்லாத எடைக் குறைவோ சேர்ந்த முதுகு வலி ஆகியவற்றுக்கு மருத்துவர்தான் வேண்டும். சிறுநீர் மலக் கட்டுப்பாடு போனால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். பலத்த குறட்டைக்கு நடுவே மூச்சு நின்று நின்று வருகிறது, பகலெல்லாம் தூங்கி வழிகிறார் என்றால் அதற்கும் பரிசோதனை இருக்கிறது.

மெத்தைதான் காரணம் என்று தெரிந்துவிட்டால்

கடையில் கையால் அழுத்திப் பார்ப்பதில் பயனில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, நீங்கள் வழக்கமாகத் தூங்கும் நிலையில் பத்து நிமிடம் படுங்கள். கூச்சப்பட வேண்டாம்; பத்தாண்டு படுக்கப்போகும் பொருள். உங்கள் உயரத்தைவிட ஐந்தாறு அங்குலமாவது நீளம் வேண்டும். ஐந்தடி பத்தங்குலக்காரருக்கு 72 அங்குல மெத்தை போதாது, 78 அங்குலம் கேளுங்கள்.

ஃபோம் வாங்குபவர்கள் அடர்த்தியையும் கெட்டித்தன்மையையும் ஒன்று என்று நினைத்து ஏமாறுகிறார்கள். அடர்த்தி என்பது ஒரு கன மீட்டர் ஃபோமின் எடை, கிலோவில். அடர்த்தி கூடினால் ஆயுள் கூடும். கெட்டியாகவும் இருக்கலாம், மென்மையாகவும் இருக்கலாம். தினமும் படுக்கும் மெத்தைக்கு 32-க்குக் குறையாமல், முடிந்தால் 40 கேளுங்கள். சொன்ன அடர்த்தி உண்மையா என்று தராசு சொல்லும். 72-க்கு 36 அங்குலத்தில் 6 அங்குலத் தடிப்புள்ள ஒரே ஃபோமாலான மெத்தை, 32 அடர்த்தி என்றால் ஏறக்குறைய 8 கிலோவும் 40 என்றால் 10 கிலோவும் இருக்க வேண்டும். ஆறு கிலோதான் வருகிறது என்றால் அது 24 அடர்த்தி. ஓரிரு ஆண்டில் பள்ளம் விழும். வெட்டுத் துண்டுகளை அழுத்திச் செய்த ரீபாண்டெட் ஃபோமுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, அது பல மடங்கு கனமாக இருக்கும்.

சுருட்டி அடைத்து வரும் மெத்தை முழுத் தடிப்புக்கு விரிய ஒன்றிரண்டு நாள் ஆகலாம். ஜன்னலைத் திறந்துவைத்து வாடை போகவிட்டு, பிறகு படுங்கள். உடம்பு பழகவும் மூன்று நான்கு வாரம் ஆகும், முதல் வாரத்திலேயே தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள். திருப்பிக் கொடுக்கும் காலக்கெடு அதைவிட நீளமாக இருக்கிறதா என்று பணம் கட்டும் முன்பே கேட்டு, ரசீதில் எழுதி வாங்குங்கள்.

கடைசியாக, கட்டிலின் உள்ளளவை நீங்களே மூன்று இடங்களில் அளந்துகொண்டு போங்கள். ஊர்த் தச்சர் செய்த கட்டில்கள் கடை அளவுக்கு அரை அங்குலம் முன்னேபின்னே இருக்கும். தலைமாட்டில் ஓர் அளவும் கால்மாட்டில் வேறோர் அளவும் வந்தால், குறைந்ததைக் கொடுத்து மெத்தை சொல்லுங்கள்.